ஆய்வுக்கூடத்தில் கீழாநெல்லி

மழை பெய்து மண் குளிர்ந்ததும் வயல் வரப்பிலும் கொல்லைப்புறத்திலும் யாரும் விதைக்காமலே முளைக்கும் சிறுசெடி கீழாநெல்லி. முழங்கால் உயரத்தைத் தாண்டுவது அரிது. புளிய இலையை ஒத்த சிற்றிலைகளின் அடியில் கடுகளவு காய்கள் வரிசையாகத் தொங்கும். மஞ்சள் காமாலை கண்டவருக்கு இந்தச் செடியை வேரோடு பிடுங்கி, கழுவி, அரைத்து, மோரிலோ பாலிலோ கலந்து வெறும் வயிற்றில் கொடுப்பது தமிழ்நாட்டில் இன்றும் நடக்கிற வைத்தியம். உப்பும் எண்ணெயும் தள்ளிய பத்தியம் இதனுடன் சேர்ந்தே வரும்.

இதே செடியையோ இதன் நெருங்கிய உறவுச் செடிகளையோ கல்லீரல் நோய்க்கும் சிறுநீர்க் கோளாறுக்கும் பயன்படுத்தும் வழக்கம் ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் உண்டு. பிரேசிலில் சிறுநீரகக் கல்லைக் கரைக்கும் மூலிகை என்றே இவ்வினச் செடிகளுக்குப் பெயர். ஒன்றோடொன்று தொடர்பில்லாத மக்கள் ஒரே செடியைக் கிட்டத்தட்ட ஒரே நோய்க்கு நாடியது இருபதாம் நூற்றாண்டின் ஆய்வாளர்களை ஈர்த்தது. ஆனால் காமாலைக்குக் கொடுக்கப்படும் எந்த மருந்தையும் சோதிப்பதில் ஒரு பெரிய தடை இருந்தது. காமாலை என்பது ஒரு தனி நோயின் பெயரன்று, பல நோய்களின் அறிகுறி. பித்தநாளத்தில் கல் அடைத்தாலும் கண் மஞ்சளாகும், மதுவால் கல்லீரல் கெட்டாலும் ஆகும், வைரஸ் தொற்றினாலும் ஆகும். அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் பரவும் ஹெபடைட்டிஸ் ஏ பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். அந்தச் சில வாரங்களில் எதைக் குடித்திருந்தாலும் குணமான பெருமை அதற்கே போய்ச் சேரும். எந்த வைரஸ் எவர் உடலில் இருக்கிறது என்று கண்டறியும் வழி பிறக்கும்வரை, கீழாநெல்லி வேலை செய்கிறதா என்ற கேள்விக்கு நேர்மையான விடை சொல்ல எவராலும் முடிந்திருக்காது.

வேதியியலாளர்கள் இந்தத் தடை நீங்கக் காத்திருக்கவில்லை. குளித்தலையில் பிறந்த டி. ஆர். சேஷாத்ரி, வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, ஜி. வி. கிருஷ்ணமூர்த்தியுடன் சேர்ந்து இச்செடியின் கசப்புப் பொருளை ஆராய்ந்து 1946இல் வெளியிட்டார். ஃபில்லாந்தின் என்ற அந்தப் பொருளின் அமைப்பையும் அதன் உடன்பிறப்பான ஹைப்போஃபில்லாந்தினின் அமைப்பையும் 1960களில் அதே பல்கலைக்கழகத்தில் எல். ராமச்சந்திர ராவின் குழு தெளிவாக்கியது. இரண்டும் லிக்னான் எனப்படும் தாவர வேதிப்பொருள் வகையைச் சேர்ந்தவை. 1985இல் லக்னோவிலும் ஜப்பானிலும் இருந்த ஆய்வாளர்கள் கூட்டாக இன்னொரு படி ஏறினார்கள். எலியின் கல்லீரல் செல்களைத் தனியே பிரித்து வளர்த்து, கார்பன் டெட்ராகுளோரைடு போன்ற நச்சுகளை அவற்றின்மேல் செலுத்தினால் செல்கள் சிதையும். இந்த லிக்னான்களைச் சேர்த்தபோது சிதைவு குறைந்தது. மூலிகைகள் கல்லீரலைக் காக்கின்றனவா என்று பார்க்க இந்தியாவில் இன்றும் பெரிதும் கையாளப்படும் சோதனை முறையின் அடிப்படை இதுதான். ஆனாலும் இரசாயனத்தால் வந்த காயத்தைத் தடுப்பது வேறு, வைரஸை ஒடுக்குவது வேறு. இந்த வேறுபாட்டைச் சொல்லாமலே கீழாநெல்லிக்குச் சான்று காட்டும் எழுத்துகள் ஏராளம்.

வைரஸை அடையாளம் காணும் கருவியைத் தந்தவர் அமெரிக்க மருத்துவர் பாரூச் புளூம்பெர்க். 1960களில் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் அவர் குழு கண்ட ஒரு புதுப் புரதம், ஹெபடைட்டிஸ் பி வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜன் என்று பின்னர் தெரியவந்தது. அந்தக் கண்டுபிடிப்புக்காக 1976இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதன்பின் ஒரு துளி ரத்தத்தைக் கொண்டே வைரஸ் இருப்பதையும் இல்லாததையும் சொல்ல முடிந்தது. பலர் எந்த அறிகுறியும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் இந்த வைரஸைச் சுமந்து திரிகிறார்கள் என்பதும், அவர்களில் ஒரு பகுதியினருக்குப் பிற்காலத்தில் கல்லீரல் சுருக்கமோ புற்றுநோயோ வருகிறது என்பதும் அப்போதுதான் தெளிவாகின.

சென்னையில் நுண்ணுயிரியலாளர் எஸ். பி. தியாகராஜனும் உடனாய்வாளர்களும் அந்தக் கருவியை நாட்டு மருந்தின் பக்கம் திருப்பினார்கள். காமாலைக்குக் கொடுக்கப்படும் கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி ஆகியவற்றின் சாற்றை வைரஸ் ஆன்டிஜன் உள்ள ரத்தச் சீரத்துடன் சோதனைக் குழாயில் கலந்து வைத்துப் பார்த்ததில், ஆன்டிஜன் செயலிழந்தது. 1982இல் இம்முடிவு இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளியானது. சோதனை எளியது, செலவும் குறைவு. எந்த வெளிநாட்டு நிறுவனமும் வழிகாட்டாமல், நோயாளிகள் உண்மையில் குடிக்கும் செடியிலிருந்து தொடங்கியது என்பதே அதன் பெருமை.

பிலடெல்பியாவின் ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையத்தில் புளூம்பெர்க், இர்விங் மில்மன், பி. எஸ். வெங்கடேஸ்வரன் மூவரும் இதை மேலே கொண்டுபோனார்கள். அங்கே அவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. மர்மட் இனத்தைச் சேர்ந்த வுட்சக் என்னும் கொறிவிலங்கைத் தாக்கும் ஒரு வைரஸ், மனிதரின் ஹெபடைட்டிஸ் பி வைரஸுக்கு மிக நெருங்கிய உறவு என்று 1978இலேயே கண்டறியப்பட்டிருந்தது. செடியின் நீர்ச்சாறு, வைரஸ் தன் மரபுப்பொருளைப் பெருக்கிக்கொள்ளப் பயன்படுத்தும் டிஎன்ஏ பாலிமரேஸ் நொதியைச் சோதனைக் குழாயில் தடுத்தது. அடுத்து விலங்குகள். புதிதாகத் தொற்று கண்ட நான்கு வுட்சக்குகளுக்கு வயிற்றுக் குழிக்குள் ஊசி வழியே சாறு செலுத்தப்பட்டது. மூன்றில் ஆன்டிஜனும் நொதியின் செயலும் 3 முதல் 6 வாரத்துக்குள் மறைந்தன. சாறு பெறாத மூன்று விலங்குகளிலும் அவ்விரண்டும் நீடித்துக் காணப்பட்டன. நெடுநாளாக வைரஸைச் சுமந்த விலங்குகளிடம் பலன் இவ்வளவு தெளிவாக இல்லை. தோலுக்கடியில் செலுத்தியபோது பலனே இல்லை. 1987இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வந்த இந்தக் கட்டுரை, நல்ல செய்தியையும் இந்தக் குறைகளையும் ஒளிக்காமல் சேர்த்தே சொன்னது. பின்னால் நடந்தவற்றுக்கான முன்னறிகுறிகள் அந்தக் குறைகளில் இருந்தன. ஊசி வழியே உள்ளே போகும் சாற்றின் செயலை வாய்வழி விழுங்கும் பொடியிடம் எதிர்பார்க்க முடியாது. புதுத் தொற்றில் கிடைத்த பலன் பழைய தொற்றிலும் கிடைக்கும் என்று கொள்ளவும் இடமில்லை.

அடுத்த ஆண்டு, 1988இல், தியாகராஜனும் புளூம்பெர்க்கும் சேர்ந்து 'லான்செட்' இதழில் வெளியிட்ட முடிவு உலகைத் திரும்பிப் பார்க்கவைத்தது. சென்னையில் வைரஸைச் சுமந்தவர்களுக்கு உலர்ந்த கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம் வீதம் தினமும் மூன்று வேளை, 30 நாள் கொடுக்கப்பட்டது. மருந்து முடிந்து 15 முதல் 20 நாளில் சோதித்தபோது, மருந்து உண்ட 37 பேரில் 22 பேரிடம், அதாவது 59 விழுக்காட்டினரிடம், ஆன்டிஜன் காணப்படவில்லை. மருந்தில்லாத வெற்று மாத்திரை உண்ட 23 பேரில் ஒருவரிடம் மட்டுமே அது மறைந்திருந்தது. நெடுநாள் வைரஸைச் சுமப்பவர்களில் ஆண்டுக்குச் சுமார் நூற்றில் ஒருவரிடமே ஆன்டிஜன் தானாக மறையும். இதோடு ஒப்பிட்டால் சென்னையின் எண் நம்ப முடியாத அளவுக்குப் பெரியது. அந்த நோய்க்குப் பாதுகாப்பான மாத்திரை எதுவும் இல்லாத காலம் அது. இண்டர்ஃபெரான் ஊசி விலை உயர்ந்தது, பக்கவிளைவும் அதிகம். வரப்பில் கிடைக்கும் செடி அந்த இடத்தை நிரப்பும் என்ற நம்பிக்கை இயல்பாகவே எழுந்தது. கட்டுரையாசிரியர்களோ தங்கள் வேலையை முதற்கட்ட ஆய்வு என்றே குறிப்பிட்டிருந்தார்கள்.

பிறகு வந்தவை ஏமாற்றங்கள். 1990இல் தாய்லாந்து ஆய்வாளர்கள் அதே 'லான்செட்' இதழில் தோல்வியைப் பதிவு செய்தார்கள். அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் வாத்துகளின் ஹெபடைட்டிஸ் பி வைரஸ்மேல் செய்த சோதனையிலும் வைரஸின் பெருக்கம் தடைபடவில்லை. அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் தியாகராஜனும் ஒருவர். சாதகமற்ற முடிவிலும் தன் பெயரை வைக்கும் இந்த நேர்மை இத்துறையில் இன்னும் அதிகம் தேவை. 1991இல் நெதர்லாந்திலிருந்தும் 1994இல் நியூசிலாந்திலிருந்தும் பலனில்லை என்ற அறிக்கைகளே வந்தன.

ஆய்வுக்கூடம் இதற்குள் வேறு சில உண்மைகளைக் கண்டிருந்தது. நியூசிலாந்தில் எல். ஒய். ஃபூ இச்செடியின் டானின்களைப் பிரித்து 1993இல் அமரைன் என்ற புதிய டானினை விவரித்தார். டானின்கள் எந்தப் புரதத்தோடும் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை. ஆகவே சோதனைக் குழாயில் ஆன்டிஜன் மறைந்ததற்கும் நொதி முடங்கியதற்கும் வைரஸைக் குறிவைத்த தனிச்சிறப்பான மருந்தே காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. டானின் நிறைந்த எந்தச் சாறும் அப்படித் தோற்றம் காட்டக்கூடும். வயிற்றையும் குடலையும் தாண்டி அதே டானின் மாறாமல் கல்லீரலை அடைவதும் ஐயத்துக்குரியது. இன்னொரு பக்கம், தைவான் ஆய்வாளர்கள் வளர்ப்புச் செல்களில் ஆன்டிஜன் உற்பத்தியையே சாறு குறைப்பதாகக் கண்டார்கள். 1996, 1997 ஆண்டுகளில் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரிக் குழு, தியாகராஜனுடன் சேர்ந்து, வைரஸ் மரபணுவின் படியெடுப்பைச் சாறு தணிக்கிறது என்று காட்டியது. ஆக, செல்களில் ஏதோ ஒரு செயல் உண்மையில் இருக்கிறது. அது நோயாளியின் உடலில் போதிய வலுவோடு வெளிப்படவில்லை.

வெவ்வேறு ஊர்களின் முடிவுகள் ஏன் இவ்வளவு மாறுபட்டன என்ற கேள்வி தாவரவியலின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. 1982, 1987 கட்டுரைகள் செடியை ஃபில்லாந்தஸ் நிரூரி என்று குறித்தன, 1988 கட்டுரை ஃபில்லாந்தஸ் அமாரஸ் என்றது. குழப்பம் ஆய்வாளர்களுடையது மட்டுமன்று, நூற்றாண்டுப் பழமையானது. நிரூரி என்று 1753இல் லின்னேயஸ் சூட்டிய பெயருக்கு உரிய செடி அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. இந்தியாவின் பழைய தாவர நூல்கள் இங்குள்ள செடிக்கும் அதே பெயரை இட்டுவந்தன. அமெரிக்கத் தாவரவியலாளர் கிரேடி வெப்ஸ்டர் 1950களில் இந்தச் சிக்கலை அவிழ்க்கத் தொடங்கினார். 1985இல் தாவரவியலாளர்கள் மித்ராவும் ஜெயினும் இந்திய நூல்களின் நிரூரி உண்மையில் அமாரஸ், ஃபிரேட்டர்னஸ், டெபிலிஸ் ஆகிய மூன்று இனங்களின் கலவை என்று நிறுவினார்கள். அமாரஸும்கூட வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து பரவியது என்பது வெப்ஸ்டரின் கருத்து. அப்படியானால் பரவல் வெகு முன்பே நடந்திருக்க வேண்டும். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொச்சியில் உருவான 'ஹோர்ட்டுஸ் மலபாரிகஸ்' நூலில் கிர்கநெலி என்ற பெயரில் படமாக இடம்பெற்றிருப்பது இச்செடியே என்று தாவரவியலாளர் கொள்கிறார்கள்.

இது வெறும் பெயர்ச்சண்டை இல்லை. ஃபில்லாந்தினும் ஹைப்போஃபில்லாந்தினும் அமாரஸில் மிகுந்து, மற்ற இரண்டிலும் அரிதாகவோ இல்லாமலோ இருக்கின்றன. பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் இனத்தைப் பறித்து அரைத்தால், குடுவைக்குள் போவது வேறொரு மருந்து. ஒரே இனத்திலும் மண், பருவம், பறித்த நேரம், உலர்த்திய முறை ஆகியவற்றால் சாற்றின் வலு மாறும். 1995இல் சீனாவிலிருந்து வந்த ஆய்வு இதை நோயாளிகளிடமே பார்த்தது. சென்னையிலிருந்து தியாகராஜன் கொடுத்த அமாரஸும், சீனாவின் இரு பகுதிகளில் விளைந்த வேறு இரண்டு இனங்களும் தனித்தனியே கொடுக்கப்பட்டதில், தமிழில் சிவப்புக் கீழாநெல்லி எனப்படும் ஃபில்லாந்தஸ் யூரினேரியாவே மற்றவற்றைவிட மேலாகத் தெரிந்தது.

இத்தனை ஆய்வுகளுக்கு நடுவில், நாட்டு வைத்தியத்தின் அசல் கூற்று ஓரத்தில் கிடந்தது. வைத்தியர் கீழாநெல்லியைக் கொடுத்தது கண் மஞ்சளாகிப் படுத்தவருக்கு. ஆய்வாளர் கொடுத்தது எந்த அறிகுறியும் இல்லாமல் வைரஸைச் சுமந்தவருக்கு. சென்னையில் திடீரென வைரஸ் காமாலை கண்ட நோயாளிகளிடம் நடந்த ஆய்வு, வெற்று மாத்திரையோடு ஒப்பிடாத திறந்த சோதனை. ஒப்பீட்டுடன் திருவனந்தபுரத்தில் நடந்து 1999இல் வெளியான சோதனையிலோ, காமாலை நீடிக்கும் காலம் கீழாநெல்லியால் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை.

2011இல், மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, நெடுநாள் ஹெபடைட்டிஸ் பி நோய்க்கு இவ்வினச் செடிகள் தனித்துப் பலன் தரும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்றது. வைரஸ் எதிர்ப்பு மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் கூடுதல் பலன் இருக்கலாம் என்று காட்டிய சோதனைகளும் தரத்தில் குறைந்தவை என்று எச்சரித்தது. அதற்குள் லாமிவுடின், என்டெகாவிர், டெனோஃபோவிர் மாத்திரைகள் நடைமுறைக்கு வந்துவிட்டன, தடுப்பூசியும் இந்தியக் குழந்தைகளின் பொதுத் திட்டத்தில் சேர்ந்திருந்தது. வைரஸைச் சுமப்பவர் இவற்றை விட்டுவிட்டுச் செடியை மட்டும் நம்புவது இன்று ஆபத்தானது.

தென்னிந்திய நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் கீழாநெல்லியை டிஎன்ஏ முறையால் சோதித்த ஆய்வொன்று 2010இல் வெளியானது. 76 விழுக்காடு மாதிரிகளில் பெரும்பகுதி அமாரஸே இருந்தது. மீதியில் வேறு ஐந்து இனங்கள் இருந்தன. இப்போது பொறுப்பான ஆய்வுக்கூடங்கள் செடியைக் குடுவைக்கு அனுப்புமுன் அதன் ஒரு கிளையை உலர்த்தி, இனம் கண்டு, எண்ணிட்டுத் தாவரத் தொகுப்பில் வைக்கின்றன. சாற்றிலுள்ள ஃபில்லாந்தினை அளந்து பதிவு செய்த பிறகே செல்களின்மேல் சோதனை தொடங்குகிறது.