லிட்டரில் செலவு, கிலோவில் வரவு: திருப்பூர்ச் சாயத் தொழிலில் சூழல் காப்பும் விற்பனைத் திறனும்

திருப்பூரில் கூலிக்குச் சாயமேற்றும் பட்டறை ஒன்றின் பில்லில் இருப்பவை இவ்வளவுதான்: துணி கொடுக்கும் பார்ட்டியின் பெயர், லாட் எண், துணி வகை, ஜி.எஸ்.எம்., ஷேடு, எடை, கிலோவுக்குக் கூலி, வரி. அந்தத் துணிக்குச் செலவான தண்ணீரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து அதே பட்டறைக்கு வரும் பில்லிலோ தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை. அனுப்பிய கழிவுநீர் இத்தனை லிட்டர், லிட்டருக்கு இத்தனை பைசா. பட்டறைக்காரருக்குச் செலவு லிட்டரில் வருகிறது, வரவு கிலோவில் வருகிறது. இந்த இரண்டு அளவைகளுக்கும் நடுவில் ஒரு பாலம் இல்லாததே சிறுதொழிலில் சூழல் காப்பு தடுமாறுவதற்கு முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம். அந்தப் பாலத்தைக் கட்டுவதைத்தான் ‘விற்பனைத் திறன்’ என்ற சொல்லால் இங்கே குறிக்கிறேன்.

சிறுதொழில் பயிற்சி வகுப்புகளில் இந்தச் சொல்லுக்கு வேறு பொருள் உண்டு. காலையில் சுற்றுச்சூழல், சாப்பாட்டுக்குப் பிறகு சந்தைப்படுத்தல் என்று நேரம் பிரித்திருப்பார்கள். காலை வகுப்பு கழிவைக் குறைக்கச் சொல்லும். பிற்பகல் வகுப்பு வாடிக்கையாளரிடம் சிரித்துப் பேசவும், வாட்ஸ்அப்பில் படம் போடவும், லோகோ வரையவும் கற்றுத்தரும். கடை வைத்து நேரடியாக விற்பவருக்கு இதில் பயன் இருக்கலாம். மாதம் முழுக்க நாலைந்து பார்ட்டிகளின் துணியை மட்டுமே தொடும் கூலிப் பட்டறைக்காரர் லோகோவை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? அவருடைய விற்பனை, கிலோ ரேட் பேசும் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

திருப்பூரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. சூழல் காப்பை விரும்பினால் செய்யலாம், இல்லாவிட்டால் விடலாம் என்ற நிலை அங்கே என்றோ முடிந்துவிட்டது. நொய்யல் ஆற்றின் குறுக்கே பாசனத்துக்கென்று கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை 1992இல் பயன்பாட்டுக்கு வந்து, சில ஆண்டுகளிலேயே சாயக் கழிவுநீர்த் தேக்கமாகிப் போனது. நொய்யல் பாசன விவசாயிகள் தொடுத்த வழக்கில் 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் ‘ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறக் கூடாது’ என்ற நிலையை வலியுறுத்தியது. 2009இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. ஆணை முழுமையாக நிறைவேறவில்லை என்பதால் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. பிறகு மாநில அரசு 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வட்டியில்லாக் கடனாக 200 கோடி ரூபாய் அறிவித்தது. உயிரித் தொட்டி, ஆர்.ஓ., எவாப்பரேட்டர் என்று அடுக்கடுக்காகத் தொழில்நுட்பம் ஏறியது. இன்று ஊர்க்காரர்கள் ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடும் ஏற்பாட்டுக்குப் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது. அதன் நியாயத்தில் எனக்கு ஐயமில்லை. விவசாயிகள் தோற்றிருந்தால் நொய்யல் கரையில் இன்று எந்த ஆய்வுக் கட்டுரைக்கும் வேலை இருந்திருக்காது.

நீதிமன்றத்தின் கேள்வி கழிவைப் பற்றியது. அதன் செலவை யார் விலையில் ஏற்றுவது என்பது அதன் முன் இருந்த வழக்கல்ல. தொழில்நுட்பம் வாங்கக் கடன் கொடுத்தவர்களும் அதைக் கேட்கவில்லை. கழிவைச் சுத்தம் செய்யப் பட்டறைக்காரர்கள் கூட்டாகச் சேர்ந்தார்கள். அந்தச் சுத்தத்தின் விலையைப் பேசும்போது தனித்தனியாகவே நின்றார்கள். இன்றும் அப்படித்தான் நிற்கிறார்கள்.

ஒரு லாட்டைப் பக்கத்தில் நின்று பார்ப்போம். 100 கிலோ பருத்திப் பின்னல் துணி, ரியாக்டிவ் சாயம், சாஃப்ட் ஃப்ளோ மெஷின். துணிக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதம் 1:8 என்றால் ஒரு முறை நிரப்ப 800 லிட்டர். வெளுப்பு, நடுநிலையாக்கல், சாயம், அலசல், சோப்பு, மீண்டும் அலசல், கடைசியில் மென்மையூட்டல் என்று எட்டு முறை நிரப்பிக் கொட்டினால் 6,400 லிட்டர்; கிலோவுக்கு 64 லிட்டர். கணக்குக்காக லிட்டருக்கு 20 பைசா சுத்திகரிப்புச் செலவு என்று வைத்தால், ஒரு கிலோ துணியின் மேல் 12 ரூபாய் 80 காசு ஏறுகிறது. 1:6 விகிதத்தில் ஓடும் மெஷினில் இதே வேலை 4,800 லிட்டரில் முடியும். 9 ரூபாய் 60 காசு. கிலோவுக்கு 3 ரூபாய் 20 காசு வித்தியாசம் என்பது, கூலி ரேட்டில் ஐம்பது காசுக்கு அரைமணி நேரம் பேரம் நடக்கும் தொழிலில் சாதாரணமா?

தண்ணீரைவிடச் சிக்கலானது உப்பு. ரியாக்டிவ் சாயம் பருத்தியில் பிடிக்க உப்பு வேண்டும். வெளிர் நிறத்துக்கு லிட்டருக்கு 20 கிராம் போதுமென்றால், அடர் நிறத்துக்கு 80 கிராம் வரை போகும். நம் 800 லிட்டர் தொட்டியில் முன்னதற்கு 16 கிலோ, பின்னதற்கு 64 கிலோ. உப்பு துணியோடு போவதில்லை. ஏறத்தாழ முழுவதும் கழிவுநீரில் திரும்பி வருகிறது. ஆர்.ஓ. தண்ணீரைப் பிரித்துக் கொடுத்துவிடும். உப்பு எவாப்பரேட்டருக்குப் போய், நீராவியைத் தின்று, கடைசியில் யாரும் வாங்காத கலப்பு உப்பாகக் கிடங்கில் மூட்டை மூட்டையாகச் சேரும். அருள்புரம் நிலையத்தில் உப்புக் கரைசலையே சுத்தம் செய்து சாயத் தொட்டிக்குத் திருப்பிய முறை இந்தச் சுழலை ஓரளவு உடைத்தது. ஆனாலும் கழிவின் அளவை மட்டும் பார்த்துக் கட்டணம் வாங்கும் இடத்தில், கறுப்புத் துணியின் உப்புச் சுமையில் ஒரு பகுதியை வெளிர் மஞ்சள் துணி சுமக்கிறது. பட்டறையின் ரேட் பட்டியலில் லைட், மீடியம், டார்க் என்று பிரிவு இருக்கத்தான் செய்கிறது. அது பெரும்பாலும் சாயத்தின் விலையை ஒட்டிய பிரிவு. உப்பு அதற்குள் எங்கோ கரைந்துபோய்விடுகிறது.

இனி விற்பனைத் திறனுக்கு வருவோம். அது முதலில் தேவைப்படும் இடம், ஏற்றுமதியாளரின் மெர்ச்சண்டைசர் கையளவு துணித்துண்டை நீட்டி ‘இதே ஷேடு வேணும்ணா’ என்று சொல்லும் நொடி. எந்த வெளிச்சத்தில் இதே ஷேடு? டியூப் லைட்டின் கீழ் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் வெயிலில் வேறு வேறாகத் தெரியலாம். ஐரோப்பிய வாங்குவோர் பலர் தங்கள் கடை வெளிச்சத்தை ஒத்த டி.எல். 84 விளக்கில் பார்ப்பார்கள். வேறு சிலர் பகல் வெளிச்சத்தை ஒத்த டி 65இல். இந்தத் துணியோடு சேர்த்துத் தைக்கும் ரிப் துணி எங்கே சாயமேறுகிறது? நிற வேறுபாடு எவ்வளவு வரை பார்ட்டி ஒத்துக்கொள்வார்? இந்தக் கேள்விகளைக் கேட்கத் தயங்கி, ‘பாத்துக்கலாங்ணா’ என்று லாட்டை ஏற்றிவிட்டால், ஷேடு மாறித் துணி திரும்பி வரும். சாயத்தை உரித்து மறுபடி ஏற்ற இன்னும் ஐந்து முறை நிரப்ப நேர்ந்தால் 4,000 லிட்டர். அடர் நிறமானால் இன்னொரு 64 கிலோ உப்பு. இப்படி மறுபடி சாயமேற்றும் ரீ-டைக்குக் கூலி கிடைக்காது. துணி கெட்டுப்போனதென்று பார்ட்டி டெபிட் போடாமல் இருந்தால் புண்ணியம்.

ஆர்டர் வாங்கும்போது கேட்கும் மூன்று கேள்விகள் நான்காயிரம் லிட்டரை மிச்சப்படுத்துகின்றன என்றால், அவற்றை விற்பனை வகுப்பில் சேர்ப்பதா, சுற்றுச்சூழல் வகுப்பில் சேர்ப்பதா? பிரிக்க முடியாததைப் பயிற்சித் திட்டங்கள் பிரித்து வைத்திருக்கின்றன. ஒன்றிய அரசின் ‘ஸெட்’ சான்றிதழுக்கும் இந்தக் குறை உண்டு. ‘குறைபாடும் கூடாது, சூழல் கேடும் கூடாது’ என்ற இரட்டைக் கருத்தில் உருவான திட்டம் அது. 2022 ஏப்ரலில் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்ற மூன்று படிகளோடு புது வடிவம் பெற்றது. சான்றிதழ்க் கட்டணத்தில் குறுந்தொழில்களுக்கு 80 சதவீதம் மானியமும் தருகிறது. குறைபாட்டையும் சூழல் கேட்டையும் ஒரே கயிற்றில் கட்டியது நல்ல சிந்தனை. ரீ-டை அதற்குப் பாடநூல் உதாரணம். ஆனால் வெண்கலமோ தங்கமோ வாங்கிய பிறகு அதைக் கிலோ ரேட்டில் எப்படி ஏற்றுவது என்பதற்கு அதில் பாடம் இல்லை. சட்டம் போட்டு மாட்டிய சான்றிதழுக்குக் கீழே உட்கார்ந்து பழைய ரேட்டுக்கே பில் போடுவதுதான் மிச்சம்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். பேரம் பேசும் திறமை இல்லாததால் பட்டறைக்காரர் நலியவில்லை, பேரம் பேசும் பலம் இல்லாததால் நலிகிறார். திறன் வளர்ப்பு என்ற பெயரில் பழியை அவர் தலையில் கட்டுகிறீர்கள் என்பார்கள். பாதிக்கு மேல் சரியான மறுப்பு. வெளிநாட்டு வாங்குவோர் ஏற்றுமதியாளரை அழுத்த, அவர் பட்டறையை அழுத்துவது இந்தச் சங்கிலியின் இயல்பு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதமாக்கியபோது அந்தச் சுமை எந்தத் திசையில் உருண்டது என்பதைத் திருப்பூரில் விளக்க வேண்டியதில்லை. பணம் வரும் காலமும் அப்படித்தான். குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தவறினால் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி. சொந்தப் பார்ட்டி மேல் புகார் கொடுத்துவிட்டு அடுத்த லாட்டை யாரிடம் வாங்குவது? 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வேறு வழியில் வந்தது: கெடு தாண்டினால், பணம் கொடுக்கும் ஆண்டில்தான் வாங்கியவர் அதை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியும். யாரும் யார் மேலும் புகார் சொல்லாமல் வேலை செய்யும் விதி என்பதால் அதற்குக் கொஞ்சம் பல் இருக்கிறது.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் மறுப்பின் மற்றப் பாதி நிற்காது. பலம் என்பது பணத்தால் மட்டும் வருவதல்ல, எதிராளிக்குத் தேவையான ஒன்று நம் கையில் இருப்பதாலும் வரும். ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்தது. பொருள்களுக்கு மின்னணுக் கடவுச்சீட்டு கோரும் ஐரோப்பிய ஒன்றிய விதிமுறை 2024 ஜூலையில் அமலுக்கு வந்தது. அது முதலில் குறிவைக்கும் பொருள்களில் ஆடையும் ஒன்று. ஒரு டி-ஷர்ட்டுக்கு எவ்வளவு தண்ணீர், என்ன வேதிப்பொருள் என்று வாங்குவோர் கேட்கும் கேள்விக்கு விடை ஏற்றுமதியாளரின் ஷோரூமில் இல்லை, சாயப் பட்டறையின் லாட் கார்டில் இருக்கிறது. இன்று அந்த விவரத்தைப் பட்டறை மேனேஜர் இரவு பத்து மணிக்கு எக்செல் தாளில் நிரப்பி இலவசமாக அனுப்புகிறார். விற்க வேண்டிய சரக்கு அது.

தாளை யார் வேண்டுமானாலும் நிரப்பலாமே என்ற ஐயம் நியாயமானது. 2020இல் 20,000 டன் இந்திய இயற்கைப் பருத்திக்குப் போலி ஆவணங்கள் இருந்ததை, இயற்கை இழைத் துணிகளுக்குத் தரநிலை வகுக்கும் ஜி.ஓ.டி.எஸ். அமைப்பு கண்டுபிடித்த பிறகு, நம் தாளை நம்பச் சொல்வது எளிதல்ல. ஆனால் திருப்பூருக்கு வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஒரு வசதி உண்டு. பட்டறை அனுப்பும் கழிவுநீரைப் பட்டறை மட்டும் அளப்பதில்லை, பொதுச் சுத்திகரிப்பு நிலையமும் அளக்கிறது, அதற்குக் காசும் வாங்குகிறது. காசு கட்டிய அளவை யாரும் பொய்யாகக் கூட்டிக் காட்ட மாட்டார்கள். குறைத்துக் காட்ட எதிர்த்தரப்பு விடாது. அந்த மீட்டரின் மாதக் கணக்கும், அதே மாதம் சாயமேற்றிய கிலோவும் ஒரே தாளில் வந்தால், கிலோவுக்கு எத்தனை லிட்டர் என்பது மூன்றாம் ஆள் சாட்சியோடு கிடைக்கும் எண். பதினைந்து ஆண்டுகளாகச் செலவுத் தலைப்பாக மட்டுமே பார்த்த மீட்டர் இது.

கூட்டு என்றதும் ரேட்டைக் கூட்டாக உயர்த்துவதைத்தான் பலர் நினைப்பார்கள். சாயம், வேதிப்பொருள் விலை ஏறும்போது சங்கங்கள் கூலி உயர்வு அறிவிப்பதும், ஆர்டர் குறைந்த மாதத்தில் அறிவிப்பு சுவரோடு நின்றுவிடுவதும் பழகிய கதை. தவிரவும், போட்டியாளர்கள் சேர்ந்து விலை வைப்பதை 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3ஆம் பிரிவு தடுக்கிறது. நான் சொல்வது பொது விலையை அல்ல, பொதுக் கணக்குப் படிவத்தை. சாயம், உப்பு, தண்ணீர், நீராவி, ரீ-டை இழப்பு என்று எந்தெந்தத் தலைப்பில் செலவு எழுதுவது என்பது எல்லாருக்கும் ஒன்று; அதில் நிரப்பும் எண்ணும், அதன் மேல் வைக்கும் லாபமும் அவரவர் பாடு. படிவம் ஒன்றானால், தண்ணீரைக் குறைத்தவர் குறைத்தது தெரியும். அடிமாட்டு ரேட் சொல்பவர் எந்தத் தலைப்பை விட்டுவிட்டார் என்பதும் தெரியும். ஒரு கணக்குப்பிள்ளை நான்கு மாலைகளில் கற்றுக்கொள்ளக் கூடியது இது. பயிற்சிக்கு ஒதுக்கும் பணத்தை லோகோவுக்குப் பதில் இதில் போடலாம்.

திருப்பூரிலேயே சூழல் காப்பு எந்தப் பிரச்சாரமும் இல்லாமல் விலைபோகும் ஒரு மூலையும் உண்டு. கட்டிங் டேபிளில் மிஞ்சும் துண்டுகளை நிறம்வாரியாகப் பிரித்து எடை போட்டு வாங்கிப்போகிறார்கள். அவை பஞ்சாகி, ஓபன் எண்ட் மில்களில் மறுபடி நூலாகின்றன. நிறம் ஏற்கெனவே இருப்பதால் அந்த நூலுக்குச் சாயத் தொட்டியே வேண்டாம். பிரித்த துண்டுக்கு ஒரு விலை, கலந்ததற்கு அதைவிடக் குறைந்த விலை என்பது வேஸ்ட் வியாபாரிக்கும் கட்டிங் மாஸ்டருக்கும் நாக்கு நுனியில் இருக்கிறது. அங்கே பாலம் தேவைப்படவில்லை. கழிவும் கிலோ, விலையும் கிலோ.

இந்த வாதத்துக்கு ஓர் எல்லை உண்டு. திருப்பூரின் காதர்பேட்டைச் சந்தையில் பண்டலாகக் கட்டிப்போகும் உள்நாட்டுச் சரக்குக்குத் துணி எடுப்பவரிடம் லிட்டர் கணக்கைக் காட்டினால் அவர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அவரிடம் அந்தக் கணக்கைக் கேட்பார் யாருமில்லை. அந்தப் பார்ட்டியிடம் பட்டறைக்காரர் செய்யக்கூடியது ஒன்றே: கறுப்புக்கும் வெளிர் மஞ்சளுக்கும் உப்பையும் சேர்த்துக் கணக்கிட்டு இரண்டு ரேட்டை எடுத்து முன்னால் வைப்பது. எந்த நிறத்தை எத்தனை டஜன் போடுவது என்று அதற்குப் பிறகு அவரே பார்த்துக்கொள்வார்.