கையில் ஒரு ஜோடி ஷூ

நூறு, நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய அயர்லாந்து கிராமம். ஞாயிற்றுக்கிழமை காலை. சர்ச்சுக்குப் போகிற பெண்களின் கால்களைக் கொஞ்சம் கவனியுங்கள். சேறும் கல்லுமாக மைல் கணக்கில் நடை... வெறுங்காலில்! ஷூ இல்லையா? இருக்கிறது, கையில்! சர்ச் நெருங்கியதும் ஓடையில் காலைக் கழுவி, ஷூவை மாட்டிக்கொண்டு கம்பீரமாக உள்ளே நுழைவார்கள். திரும்பும்போது ஷூ மறுபடி கைக்கு வந்துவிடும்.

சிரிக்காதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். கால் தோல் கிழிந்தால் தானாக வளரும். ஷூ தோல் தேய்ந்தால்? காசல்லவா வேண்டும்!

மேற்குக் கடலில் இருக்கும் அரன் தீவுகளில் இதற்கு வேறு வழி வைத்திருந்தார்கள். பதப்படுத்தாத மாட்டுத்தோல், ரோமம் வெளிப்பக்கம், குதி கிடையாது. மீன்பிடி நூலால் இழுத்துக் கட்டினால் 'பம்பூட்டி' ரெடி! 1898-ல் அங்கே போன நாடகாசிரியர் ஜே.எம்.சிங் (பஞ்சாப் சிங் இல்லை, அசல் ஐரிஷ்காரர்!) தன் ஷூவைப் பாறைகளிடம் பறிகொடுத்துவிட்டு இதைத்தான் மாட்டிக்கொண்டார். ஒரே தொல்லை, காய்ந்தால் விறைத்துக் காலை அறுத்துவிடும். அதனால் ராத்திரி தண்ணீரில் ஊறப்போட வேண்டும். பகலிலும் தீவுக்காரர்கள் அவ்வப்போது அலையில் காலை நனைத்துக்கொள்வார்கள்.

மற்ற ஊர்களில் அளவெடுத்துத் தைத்துத் தர உள்ளூர்த் தொழிலாளி இருந்தார். ஐரிஷ் கதைகளில் வரும் குட்டிமனிதன் லெப்ரகானுக்கும் அதே தொழில்தான். எப்போது பார்த்தாலும் ஒற்றை ஷூவைத் தட்டிக்கொண்டிருப்பான். ஆனால் பானை நிறையத் தங்கம் வைத்திருப்பானாம்! ஷூ வாங்க வழியில்லாதவர்களுக்கு ஷூ தைக்கிறவன் பணக்காரனாகத் தெரிந்ததில் ஆச்சரியம் என்ன? நிஜத் தொழிலாளிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஃபேக்டரி பூட்ஸ் கடைக்கு வந்ததும் அவருக்கு மிஞ்சியது அடித்தோல் மாற்றுகிற, ஒட்டுப் போடுகிற வேலைதான்.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? 1937 முதல் 1939 வரை அயர்லாந்து அரசு ஒரு காரியம் செய்தது. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளிடம் நோட்டைக் கொடுத்து, 'பெரியவர்களிடம் கேட்டு ஊர் வழக்கங்களை எழுதி வா' என்றது. கொடுத்த தலைப்புகளில் கால் பராமரிப்பும் ஒன்று. பிள்ளைகள் வெளுத்துக்கட்டிவிட்டார்கள். தாத்தா எந்த வயதில் முதல் ஷூ போட்டார் என்பதிலிருந்து, ராத்திரி கால் கழுவிய தண்ணீரை வீட்டுக்குள் வைத்தால் மாய உருவங்கள் உள்ளே வந்துவிடும் என்பது வரை எல்லாம் அதில் இருக்கிறது.

கூடவே, வெயில் காலம் வந்தால் தாங்களும் வெறுங்காலோடுதான் பள்ளிக்கு வருகிறோம் என்றும் எழுதியிருக்கிறார்கள்.