புரட்சியாளரும் பயங்கரவாதியும்: இந்திய விடுதலைப் போரில் ஒரு சொல்லின் வழக்கு

இந்திய விடுதலைப் போராட்டத்தில் ஆயுதம் ஏந்திய இளைஞர்களை ஆங்கில அரசு பயங்கரவாதிகள் என்று எழுதி வைத்தது. விடுதலைக்குப் பிந்தைய பாடநூல்கள் அதே இளைஞர்களைப் புரட்சியாளர்கள் என்கின்றன. வென்றவன் புரட்சியாளன், தோற்றவன் பயங்கரவாதி என்று சொல்லி இந்த முரணைத் தீர்த்துவிடுவோர் உண்டு. ஆனால் அது இந்திய வரலாற்றுக்குப் பொருந்தாது. பகத்சிங் வெல்லவில்லை, 1931 மார்ச் 23 அன்று லாகூர் சிறையில் தூக்கிலிடப்பட்டார். சூரியா சென்னும் வெல்லவில்லை. 1947இல் ஆட்சிப் பொறுப்பை ஏற்றது அவர்களது இயக்கங்கள் அல்ல, காங்கிரசு. அப்படியிருந்தும் மக்கள் நினைவில் அவர்கள் புரட்சியாளர்களாகவே நிலைத்தனர். ஆகவே வேறுபாட்டை வெற்றி தோல்வியில் அல்ல, வேறிடத்தில் தேட வேண்டும். யாரைத் தாக்கினார்கள், தாக்கியதற்கு எப்படிப் பொறுப்பேற்றார்கள், தங்கள் வழிமுறையைத் தாங்களே எவ்வளவு கேள்வி கேட்டார்கள் என்பவையே இங்கு உரைகற்கள்.

சொல்லின் வரலாறு

பயங்கரவாதம் என்று தமிழில் நாம் குறிக்கும் ஐரோப்பியச் சொல் பிரெஞ்சுப் புரட்சியின்போது பிறந்தது. 1793, 1794 ஆண்டுகளில் புரட்சி அரசு ஆயிரக்கணக்கானோரைக் கில்லட்டினுக்கு அனுப்பியது. அந்த அச்ச ஆட்சியைச் சுட்டவே சொல் புழக்கத்துக்கு வந்தது. அதாவது, முதலில் அச்சொல் குறித்தது அரசின் செயலை. அரசை எதிர்ப்போரை அது குறிக்கத் தொடங்கியது பிற்காலத்தில்தான்.

இந்தியாவில் இந்த மாற்றத்தைச் சட்டங்களின் பெயர்களிலேயே பார்க்கலாம். 1917இல் நீதிபதி ரௌலட் தலைமையில் அமைந்த குழு ஆராய்ந்தது 'புரட்சி இயக்கத்தோடு தொடர்புடைய சதிகளை'. அதன் விளைவாக 1919இல் வந்த கொடிய சட்டத்தின் முறையான பெயர் 'அராஜக மற்றும் புரட்சிக் குற்றங்கள் சட்டம்'. அரசே அன்று அவர்களைப் புரட்சியாளர் என்றுதான் எழுதியது! 1932இல் வங்காளத்தில் வந்த சட்டமோ 'பயங்கரவாத வன்செயல்கள் ஒடுக்கச் சட்டம்' என்று பெயர் பெற்றது. 1917 முதல் 1936 வரையிலான நிகழ்வுகளைத் தொகுத்து ஹேல் என்ற அதிகாரி எழுதிய உளவுத்துறை நூலின் பெயரும் 'இந்தியாவில் பயங்கரவாதம்' என்பதே. புரட்சி என்ற சொல்லுக்கு மக்களிடையே மதிப்பு கூடிய பிறகு அதை எதிரிக்குக் கொடுக்க அரசு விரும்பாமல் போயிருக்கலாம்.

தமிழில் கூடுதலாக ஒரு குழப்பம் உண்டு. வரலாற்றுப் பாடத்தில் மிதவாதிகள், தீவிரவாதிகள் என்று படிக்கும்போது தீவிரவாதிகள் என்போர் திலகர், லாலா லஜபதி ராய், விபின் சந்திர பால் ஆகிய காங்கிரசுத் தலைவர்கள். இன்றைய செய்தித்தாள்களோ குண்டு வைப்பவரைத் தீவிரவாதி என்கின்றன. இரண்டையும் ஒன்றென எண்ணி, திலகர் குண்டு வீசினாரா என்று கேட்கும் மாணவரைக் குறை சொல்ல முடியாது.

இலக்கு யார்?

1908 ஏப்ரல் 30 அன்று முசாபர்பூரில் குதிராம் போஸும் பிரபுல்ல சாக்கியும் ஒரு குதிரை வண்டியின் மீது குண்டு வீசினர். கடுந்தண்டனைகளுக்குப் பெயர்போன நீதிபதி கிங்ஸ்போர்டு அதில் இருப்பதாக அவர்கள் நம்பினர். ஆனால் அதில் இருந்தவர்கள் கென்னடி என்ற வழக்கறிஞரின் மனைவியும் மகளும். இருவரும் மாண்டனர். சாக்கி தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார். பதினெட்டு வயது குதிராம் அதே ஆண்டு ஆகஸ்டு 11 அன்று தூக்கிலிடப்பட்டார். குதிராமின் துணிவைப் பாடும் பாடநூல்கள் பல, அந்த இரு பெண்களை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அவர்களைக் கொல்வது நோக்கமல்ல என்பது உண்மை. நோக்கம் அதுவல்ல என்பதால் அவர்கள் மரணம் இல்லாமல் போய்விடவில்லை என்பதும் உண்மை.

தமிழகத்தில் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டுக் கொன்றார். அதே ரயில் பெட்டியில் இருந்த ஆஷின் மனைவியை அவர் தொடவில்லை. இலக்கு தெளிவாகவே இருந்தது. ஆனால் அவர் சட்டைப் பையில் கிடைத்த கடிதம் மிலேச்சரை விரட்டித் தருமத்தை நிலைநாட்டுவது பற்றிப் பேசியது. வரப்போகும் நாட்டில் உழைப்பவர் நிலை என்ன, சாதியின் நிலை என்ன என்ற கேள்விகளுக்கு அதில் இடமில்லை. பதினேழு ஆண்டுகள் கழித்து வடக்கே எழுந்த ஓர் அமைப்பு அந்தக் கேள்விகளை எடுத்துக்கொண்டது.

லாகூரும் டெல்லியும்

1928 செப்டம்பரில் டெல்லி பெரோஸ் ஷா கோட்லா இடிபாடுகளிடையே கூடிய இளைஞர்கள், இந்துஸ்தான் குடியரசுச் சங்கம் என்ற தங்கள் அமைப்பின் பெயரில் 'சோசலிச' என்ற சொல்லைச் சேர்த்தனர். வெள்ளையர் போனால் போதும் என்பதல்ல, சுரண்டலும் போக வேண்டும் என்பது அந்த ஒற்றைச் சொல்லின் பொருள்.

அந்த ஆண்டு அக்டோபர் 30 அன்று சைமன் குழுவுக்கு எதிரான ஊர்வலத்தில் தடியடிபட்ட லஜபதி ராய், நவம்பர் 17 அன்று காலமானார். சரியாக ஒரு மாதம் கழித்து லாகூரில் காவல் கண்காணிப்பாளர் ஸ்காட்டுக்குக் குறிவைத்தவர்கள் ஆள் மாறி, சாண்டர்ஸ் என்ற இளம் அதிகாரியைக் கொன்றனர். துரத்தி வந்த தலைமைக் காவலர் சனன் சிங்கும் சுடப்பட்டு இறந்தார். சனன் சிங் ஓர் இந்தியர், சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். ஆண்டுதோறும் நடக்கும் தியாகிகள் நாளில் அவர் பெயரைக் கேட்பது அரிது. மறுநாள் லாகூர்ச் சுவர்களில் ஒட்டப்பட்ட அறிவிப்பில் அமைப்பு தன் பெயரிலேயே செயலுக்குப் பொறுப்பேற்றது. ஒரு மனிதனைக் கொல்ல நேர்ந்ததற்கு வருத்தமும் தெரிவித்தது.

1929 ஏப்ரல் 8 அன்று மத்திய சட்டசபையில் நடந்தது வேறு வகை. பகத்சிங்கும் பி. கே. தத்தும் பார்வையாளர் மாடத்திலிருந்து ஆளில்லாத இடம் பார்த்துக் குண்டு வீசினர். துண்டறிக்கைகளை எறிந்தனர். ஓடித் தப்பாமல் நின்று கைதாயினர். சிலருக்குக் காயம் ஏற்பட்டது, உயிர்ச்சேதம் இல்லை. தொழிற்தகராறு மசோதாவும் பொதுப் பாதுகாப்பு மசோதாவும் சபையில் இருந்த நேரம் அது. ஜூன் 6 அன்று செஷன்ஸ் நீதிமன்றத்தில் அளித்த அறிக்கையில், புரட்சி என்பது குண்டையும் துப்பாக்கியையும் வழிபடுவதல்ல, அநீதியின் மேல் நிற்கும் சமூக அமைப்பை மாற்றுவதே என்று இருவரும் விளக்கினர். தன் செயலுக்குத் திறந்த நீதிமன்றத்தில் காரணம் சொல்லி, அதற்குரிய தண்டனையை ஏற்க முன்வருவது மறைந்திருந்து அச்சம் விதைப்பவர் செய்யும் காரியமல்ல.

அதன் பிறகு ஒரு கருத்துப் போர் நடந்தது. 1929 டிசம்பர் 23 அன்று வைசிராய் இர்வினின் ரயிலுக்குக் குண்டு வைக்கப்பட்டது. அவர் உயிர் தப்பினார். காந்தியடிகள் 'யங் இந்தியா' இதழில் இதைக் கடுமையாகக் கண்டித்தார். அதற்கு மறுமொழியாக, பகவதி சரண் வோரா எழுதிய 'வெடிகுண்டின் தத்துவம்' என்ற துண்டறிக்கை 1930 சனவரியில் நாடெங்கும் பரவியது. இதில் வியப்பு என்னவென்றால், பயங்கரவாதம் என்ற சொல்லை அவ்வறிக்கை மறுக்கவில்லை. அது முழுப் புரட்சி ஆகாது, ஆனால் புரட்சிக்குத் தேவையான ஒரு கட்டம் என்று வாதிட்டது.

பகத்சிங் அந்த இடத்திலும் நிற்கவில்லை. 1929 அக்டோபரிலேயே பஞ்சாப் மாணவர் மாநாட்டுக்குத் தத்துடன் சேர்ந்து அனுப்பிய செய்தியில், குண்டையும் துப்பாக்கியையும் எடுக்கச் சொல்ல முடியாது, ஆலைகளுக்கும் சேரிகளுக்கும் குடிசைகளுக்கும் செல்லுங்கள் என்ற பொருளில் எழுதினார். தூக்குக்கு ஏழு வாரம் முன்பு, 1931 பிப்ரவரி 2 தேதியிட்டு இளம் அரசியல் ஊழியர்களுக்கு எழுதியதில், தொடக்க காலம் நீங்கலாகத் தாம் பயங்கரவாதி அல்ல என்றும், அந்த வழியில் எதையும் அடைய முடியாது என்றும் தெளிவாகச் சொன்னார். அவர் இறந்த அதே வாரம் 'குடி அரசு' இதழில் பெரியார் தலையங்கம் எழுதினார். துப்பாக்கியை அல்ல, சமத்துவக் கொள்கையை அவர் முன்னிறுத்தியது தற்செயல் அல்ல.

சிட்டகாங்

1930 ஏப்ரல் 18 இரவு சூரியா சென் தலைமையில் அறுபதுக்கும் மேற்பட்டோர் சிட்டகாங் நகரின் இரு ஆயுதக் கிடங்குகளைக் கைப்பற்றினர். தந்தித் தொடர்பைத் துண்டித்தனர். இந்தியக் குடியரசுப் படை என்று பெயர் சூடி, தற்காலிகப் புரட்சி அரசை அறிவித்தனர். துப்பாக்கிகள் கிடைத்தன, தோட்டாக்கள் கிடைக்கவில்லை. நான்கு நாள் கழித்து ஜலாலாபாத் குன்றில் படையினரை எதிர்த்துப் பன்னிரண்டு பேர் உயிர் விட்டனர். ஆயுதம் தாங்கிய படையோடு ஆயுதம் தாங்கி மோதிய இதைப் போர் என்றே சொல்ல வேண்டும்.

அதே அமைப்பு 1932 செப்டம்பர் 24 அன்று பஹார்தலி ஐரோப்பியர் கிளப்பைத் தாக்கியது. பிரீதிலதா வாதேதார் தலைமை தாங்கினார். சயனைடு உண்டு இறந்தார். தாக்குதலில் ஒரு பெண் கொல்லப்பட்டார், பலர் காயமுற்றனர். இங்கே குறி ஒரு குறிப்பிட்ட அதிகாரி அல்ல, சீருடைப் படையும் அல்ல. அன்று மாலை கிளப்பில் இருந்த ஐரோப்பியர் எவராயினும் குறிதான். பிரீதிலதாவின் தியாகத்தை மதிப்பவர்களும் இந்த வேறுபாட்டை மறைக்கக் கூடாது. புரட்சியாளர், பயங்கரவாதி என்ற கோடு மனிதர்களுக்கு நடுவே மட்டும் ஓடுவதில்லை. ஒரே அமைப்பின் இரு செயல்களுக்கு நடுவிலும் ஓடுகிறது.

இதே உரைகல்லை மறுபக்கமும் வைத்துப் பார்க்க வேண்டும். 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாக்கில் நிராயுதபாணிக் கூட்டத்தைச் சுட்ட டையர், கூட்டத்தைக் கலைப்பது மட்டும் தம் நோக்கமல்ல, பஞ்சாப் முழுவதும் ஒரு விளைவை உண்டாக்குவதே நோக்கம் என்று ஹண்டர் குழுவிடம் ஒப்புக்கொண்டார். அரசுக் கணக்குப்படியே இறந்தவர் 379 பேர். பிரெஞ்சு நாட்டில் அச்சொல் பிறந்தபோது சுட்டிய பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான காட்டு இந்திய வரலாற்றில் அரிது.

விடுதலைக்குப் பின்

வரலாற்றாசிரியர் விபன் சந்திராவும் சக ஆசிரியர்களும் எழுதி 1988இல் வந்த விடுதலைப் போராட்ட வரலாற்று நூல், பகத்சிங் முதலியோரைப் 'புரட்சிகரப் பயங்கரவாதிகள்' என்று குறித்தது. இழிவுப் பொருளில் அல்ல, வேறு சொல் இல்லாததால் ஆளும் சொல் என்று நூலிலேயே விளக்கமும் இருந்தது. சொல்லின் பொருள் காலப்போக்கில் கறைபட்டுவிட்டதால் பிற்காலத்தில் விபன் சந்திராவே அதைத் தவிர்த்தார். அவர் மறைந்த பிறகு, 2016இல் இது பெரும் சர்ச்சையாகி, டெல்லிப் பல்கலைக்கழகம் நூலின் இந்தி மொழிபெயர்ப்பு விற்பனையை நிறுத்தியது. அறிக்கைகளை எழுதிய இளைஞர்களே அச்சொல்லை எடுத்து விவாதித்தவர்கள் என்பதைச் சர்ச்சையில் பேசியோர் பலர் கவனிக்கவில்லை. ஐக்கிய நாடுகள் அவையிலும் 1996 முதல் ஒரு பொது ஒப்பந்தத்துக்கான பேச்சு நடக்கிறது. விடுதலைக்காகப் போராடுவோரை எங்கே வைப்பது என்ற கேள்வி அங்கே ஒரு முட்டுக்கட்டை.

சிட்டகாங்கில் காவல்துறை ஆயுதக் கிடங்கைச் சேர்ந்தே கைப்பற்றிய இருவர் கணேஷ் கோஷும் அனந்த சிங்கும். இருவரும் அந்தமான் சிறைக்கு அனுப்பப்பட்டனர். இருவரும் பொதுவுடைமை இயக்கத்தின் பக்கம் வந்தனர். கணேஷ் கோஷ் மேற்கு வங்கச் சட்டமன்றத்துக்கும், 1967இல் மக்களவைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அனந்த சிங் 1960களில் மீண்டும் ஒரு ரகசிய ஆயுதக் குழுவைக் கட்டி, கல்கத்தாக் கொள்ளை வழக்குகளில் 1969இல் கைதாகி, சுதந்திர இந்தியாவின் சிறையில் பல ஆண்டுகள் இருந்தார்.