தோட்டப் பாடசாலைகளில் ஆரம்பக் கல்வி

இலங்கையின் நுவரெலியா மாவட்டத்தின் தமிழ்மொழி மூல அரச பாடசாலைகள் தேசியப் பாடத்திட்டத்தையே பின்பற்றுகின்றன. முன்பு தேயிலைத் தோட்ட நிர்வாகங்களின் கீழ், பெரும்பாலும் ஒரே மண்டபத்தில் ஓரிரு ஆசிரியர்களோடு நடந்த பள்ளிகளை அரசு 1977 முதல் படிப்படியாகப் பொறுப்பேற்றது.

பிள்ளைகளின் கற்றல் வேறுபாட்டுக்கு முறையான இடம் தந்தது 1999இல் நாடு முழுவதும் தரம் 1இல் தொடங்கிய சீர்திருத்தம். ஆரம்பக் கல்வி மூன்று முதன்மை நிலைகளாகப் பிரிக்கப்பட்டது: தரம் 1–2, தரம் 3–4, தரம் 5. விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை ஆகிய மூன்று வழிகளிலும் கற்பித்தல் நடக்கும். முதல் நிலையில் விளையாட்டு மேலோங்கும். இரண்டாவதில் மூன்றும் ஏறத்தாழச் சமம். தரம் 5இல் மேசை வேலை கூடும். புதிதாகச் சேரும் பிள்ளைக்கு உடனே பாடம் தொடங்குவதில்லை. அது பேசுவதையும் வரைவதையும் விளையாடுவதையும் கவனித்து, எதில் வல்லது, எதில் துணை வேண்டும் என ஆசிரியர் முதலில் இனங்காண்கிறார். இச்சீர்திருத்தத்தின் சிறந்த அம்சம் இதுவே எனலாம். தோட்டப் பாடசாலைகளில், 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' பாடத்துக்குத் தேயிலை மலையும் மரக்கறித் தோட்டமும் வாசலிலேயே உள்ளன.

கற்றல் வேறுபாட்டைப் பொறுத்தவரை, பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் எனப் பிள்ளைகளை வகை பிரித்துக் கற்பிப்பது பலன் தரும் என்பதற்குப் போதிய சான்றில்லை என 2008இல் உளவியலாளர் ஹரோல்ட் பாஷ்லர் குழுவினரின் ஆய்வு மீளாய்வு கூறியது. மூன்று வழிகளையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தரும் இலங்கை முறையை இந்த விமர்சனம் அவ்வளவாகத் தொடாது. நடைமுறையில் இம்முறையை நெருக்குவது தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை. அது நெருங்க, விளையாட்டு நேரம் மாதிரி வினாத்தாள்களுக்குப் போய்விடுகிறது.