பாசிக்கு ஒரு கல்

மரிக்கொழுந்துப் பாசி வெறும் மணலில் முளைக்காது. அதுக்குக் கல் வேணும். மன்னார் வளைகுடாவில் அந்தக் கல் பவளப்பாறைதான். அதைத்தான் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல வருஷமா வெட்டி எடுத்தாங்க. 2001-ல்தான் பவளத்துக்கு வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பு வந்தது. அதுக்குள்ள பாறை போய், அலை நேரா அடிச்சு, தூத்துக்குடிக்கு எதிரே இருக்கிற வான் தீவு முக்கால்வாசிக்கு மேல கரைஞ்சு போச்சு. இரண்டு தீவுகள் மூழ்கியே விட்டன.

2015 முதல் வான் தீவுக்கு முன்னால் துளை வைத்த சிமெண்ட் பாறைகளை ஆயிரக்கணக்கில் இறக்கினாங்க. அலை வேகம் குறைஞ்சது, மணல் தங்கியது. சிமெண்டிலேயே பவளம் ஒட்டி வளர்ந்தது, உள்பக்கம் கடல்புல் பரவியது.

கடல் கெட்டதுக்குப் பாசி எடுக்கிற பெண்களையும் குற்றம் சொன்னாங்க. ஆனா பாம்பன் பக்கம் சின்னப்பாலத்துப் பெண்கள் தாங்களே பேசி முடிவெடுத்து, மாசத்தில் 12 நாள் மட்டுமே கடலில் இறங்குறாங்க.