தொடர் வசிப்பு

தொடர் வசிப்பு என்பது குடியேற்றச் சட்டங்கள் விதிக்கும் ஒரு நிபந்தனை. ஒரு நாட்டில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்ற வெளிநாட்டவர் அந்த உரிமையைக் காப்பாற்றிக்கொள்ளவும், பிறகு குடியுரிமை கோரவும் இதை நிறைவேற்றியாக வேண்டும். நிரந்தர வசிப்புரிமை என்ற பெயரைப் பார்த்து அது ஒருமுறை கிடைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அதை வைத்திருப்பவர் ஒவ்வொரு முறை வெளியே போய்த் திரும்பும்போதும் அது மறுபடி சோதனைக்கு வருகிறது. இதில் அதிகம் சிக்குபவர்கள், பிள்ளைகள் அழைத்துக்கொண்ட பெற்றோர். வீடும் நிலமும் பென்ஷனும் ஊரில் இருக்க, மகனும் பேரப்பிள்ளைகளும் வெளிநாட்டில் இருக்க, இரண்டு கரைக்கும் நடையாய் நடப்பவர்கள் அவர்கள். வெளியே கழிந்த நாட்களின் எண்ணிக்கை, ஒருவர் குடியிருப்பைக் கைவிட்டாரா என்பதற்குப் பல சான்றுகளில் ஒன்றாக மட்டுமே இருக்க முடியும் என்பதும், அதையே தீர்ப்பாக எடுத்துக்கொண்ட சட்டம் உண்மையான குடிகளையே வெளியே தள்ளிவிடுகிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்து. இதற்கான சான்று தூத்துக்குடிக்கு வெகு அருகில், மன்னார் வளைகுடாவின் மறுகரையான இலங்கையில் கிடைக்கிறது.

இந்தக் கடலை ஓர் எல்லை என்று கரைவாழ் மக்கள் நெடுங்காலம் கருதவில்லை. முத்துக்குளிப்புப் பருவத்தில் இக்கரையின் குளியாளிகள் சிலாபத்துறைக்கும் மரிச்சுக்கட்டிக்கும் போய்ச் சில வாரங்களில் திரும்பினார்கள். சரக்குத் தோணிகள் கொழும்புக்கு வழக்கமாக ஓடின. 1876-ல் ரயில் பாதை தூத்துக்குடியை எட்டியது. அதன்பின் 1914-ல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி–தலைமன்னார் வழி ஏற்படும்வரை, கொழும்பு செல்லும் பயணிகள் தூத்துக்குடியில் இறங்கித்தான் கப்பல் ஏறினார்கள். 1906-ல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும் இதே தடத்தில் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் ஆதிக்கத்தை உடைக்கத்தான். ஊருக்குப் பக்கத்தில் தட்டப்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளரை நிறுத்திவைக்கும் முகாம் இருந்தது. கொழும்புப் பேட்டையில் கடை வைத்திருந்த நாடார் வணிகரும், அங்கே வேரூன்றிய பரதர் குடும்பங்களும் கல்யாணம், பாகப்பிரிவினை, குலசாமி கோயில் கொடை, பனிமய மாதா திருவிழா என்று வந்து போய்க்கொண்டிருந்தார்கள். வியாபாரம் ஒரு கரையிலும் குடும்பம் மறுகரையிலும் இருப்பது இங்கே யாருக்கும் விசித்திரமாகத் தோன்றவில்லை. பொருளாதாரமே அப்படித்தான் அமைந்திருந்தது.

இலங்கை விடுதலை பெற்றதும் இந்தப் போக்குவரத்தே குற்றச்சாட்டாக மாறியது. 1948-ம் ஆண்டின் 18-ம் எண் குடியுரிமைச் சட்டம் வம்சாவளியை அடிப்படையாக்கி, இந்திய வம்சாவளித் தமிழரில் மிகப் பெரும்பாலோரைக் குடியுரிமைக்கு வெளியே நிறுத்தியது. அவர்களுக்கென்று வந்தது 1949-ம் ஆண்டின் 3-ம் எண் இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம். மணமாகாதவர் 1946 ஜனவரி 1-க்கு முந்தைய பத்து ஆண்டுகளும், மணமானவர் ஏழு ஆண்டுகளும் இலங்கையில் இடைவிடாமல் வசித்திருக்க வேண்டும். அந்தத் தேதியிலிருந்து விண்ணப்பிக்கும் நாள் வரையிலும் அந்த வசிப்பு அறாமல் இருக்க வேண்டும். ஒரே முறையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்துவிட்டால் வசிப்பு அறுந்துபோனதாகக் கொள்ளப்படும். இது போதாதென்று, மணமானவரின் மனைவியும் அவரைச் சார்ந்த சிறு பிள்ளைகளும் இலங்கையிலேயே தொடர்ந்து வசித்தவர்களாக இருக்க வேண்டும் என்றும் விதித்தது சட்டம். இருபது ஆண்டு கொழும்பில் கடை நடத்தி வரி கட்டியவர், மனைவி மக்களைத் திருநெல்வேலிச் சீமையில் விட்டிருந்தால் அவர் அந்நாட்டில் நிலையானவர் அல்ல என்பது இதன் பொருள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண் நோயாலோ குடும்பச் சிக்கலாலோ ஓராண்டைத் தாண்டித் தங்கிவிட்டால் அந்த ஒரு பயணம் முழுக் குடும்பத்தின் உரிமையையும் அசைத்துவிடும். போனவர் ஏன் போனார் என்று கேட்க சட்டத்தில் இடமே இல்லை.

நிரூபிக்கும் பொறுப்பு முழுவதும் விண்ணப்பதாரர் தலையில் விழுந்தது. அதுவரை இரு நாடுகளுக்கும் இடையே பாஸ்போர்ட் இல்லாமலே போய்வந்த மக்கள், பத்து ஆண்டுகளின் போக்குவரவைக் காகிதத்தில் காட்ட வேண்டியதாயிற்று. தோட்டத் தொழிலாளிக்காவது செக்ரோல் எனும் வருகைப் பதிவு இருந்தது. கடைச் சிப்பந்திக்கும் கூலிக்காரருக்கும் அதுவும் இல்லை. விண்ணப்பக் கெடு 1951 ஆகஸ்ட் 5. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. பதிவு பெற்றவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர். மீதிப் பேரைப் பங்கிடத்தான் 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னொரு பேச்சுவார்த்தைக்கு. இவர்களில் பெரும்பகுதியினர் இலங்கையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களை வெளியேற்றிய அளவுகோல் அவர்களுடைய வேர் எங்கே என்பதை அளக்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

அந்நாடே பிற்பாடு இதை ஒப்புக்கொண்டது என்று சொல்லலாம். 2003-ம் ஆண்டின் 35-ம் எண் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை அளித்தது. ஆனால் 1983-க்குப் பிறகு இலங்கையின் உள்நாட்டுப் போருக்குத் தப்பி இந்தியா வந்தவர்களும் அந்த வம்சாவளியினரில் இருந்தார்கள். தூத்துக்குடி மாவட்டத்துத் தாப்பாத்தி போன்ற முகாம்களில் அகதிகள் ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்தார்கள். நாட்காட்டிப்படி பார்த்தால் இவர்களின் வசிப்பு எப்போதோ அறுந்துவிட்டது. 2009-ல் வந்த திருத்தம், போரால் இடம்பெயர்ந்து இந்தியாவில் இருந்த காலத்தைக் காரணம் காட்டி அவர்களை விலக்கிவிடாமல் உள்ளே கொண்டுவந்தது. துரத்தப்பட்டுப் போனவர் வீட்டைக் கைவிட்டவர் ஆகமாட்டார் என்ற எளிய உண்மையைச் சட்டமாக்க அறுபது ஆண்டு பிடித்தது.

இன்று தூத்துக்குடியிலிருந்து அமெரிக்காவுக்குப் போகும் பெற்றோரின் நிலைமை இதோடு நேரடியாக ஒப்பிடத்தக்கது. வேறுபாடு எங்கே இருக்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. அமெரிக்கக் குடிமகனான மகனோ மகளோ 21 வயதைக் கடந்திருந்தால் பெற்றோருக்குக் கிரீன் கார்டு கேட்கலாம். கார்டு வந்தபின் 180 நாளுக்கு மேல் வெளியே இருந்து திரும்புபவரைப் புதிதாக நுழைவு கேட்பவராக அதிகாரி நடத்தலாம். ஓராண்டைத் தாண்டிவிட்டால் கார்டை மட்டும் காட்டி நுழைய முடியாது. நீண்ட காலம் வெளியே தங்க நேரும் என்று தெரிந்தவர் புறப்படும் முன்பே, அமெரிக்காவுக்குள் இருக்கும்போதே, ரீ-என்ட்ரி பர்மிட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும்; பொதுவாக அது இரண்டு ஆண்டு செல்லும், நீட்டிப்பு கிடையாது. ஊருக்கு வந்தபின் இதை நினைத்துப் பயனில்லை. அதுவும் இல்லாமல் ஓராண்டைத் தாண்டியவருக்கு இருப்பது திரும்பும் குடியிருப்பாளருக்கான விசா. தங்கல் நீண்டது தன் கையை மீறிய காரணத்தால் என்று தூதரகத்தில் நிறுவினால்தான் அது கிடைக்கும். அறுவை சிகிச்சைக்குப் பின் பயணம் கூடாது என்ற மருத்துவர் கடிதம் இங்கே எடுபடும். வீட்டு மாடி கட்டி முடியவில்லை என்பது எடுபடுவது கடினம்.

இவற்றுக்கெல்லாம் அடியில் இருக்கும் கேள்வி, அந்தப் பயணம் தற்காலிகமானதா என்பதுதான். போன காரணம் என்ன, அது முடியும் காலம் தெரிந்ததா, நெருங்கிய குடும்பம் எங்கே, வரி விவரம் உள்நாட்டுக் குடியிருப்பாளராகத் தாக்கலானதா, வங்கிக் கணக்கும் இருப்பிடமும் உயிரோடு உள்ளனவா என்று பலவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஆறு மாதம் என்பது எதையும் தானாக முடித்துவைக்கும் கோடு அல்ல. அதற்குள் திரும்பிவிட்டால் போதும் என்று நம்மவர்களிடையே உலவும் கணக்கும் சரியல்ல. 1975-ல் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் முடிவு செய்த ஒரு வழக்கில், ஜமைக்காவில் தங்கும் விடுதி நடத்திய பெண் ஆண்டில் பதினொரு மாதம் அங்கும் ஒரு மாதம் அமெரிக்காவிலுமாக இருந்துவந்தார். ஓராண்டை அவர் ஒருபோதும் தாண்டவில்லை. ஆனாலும் வசிப்புரிமையைக் கைவிட்டதாகவே தீர்ப்பானது. இலங்கைச் சட்டத்தின் பன்னிரண்டு மாத அளவுகோலால் இந்தப் பயணங்களில் ஒன்றைக்கூடப் பிடித்திருக்க முடியாது. நாள் கணக்கு நியாயமானவரை வீழ்த்துவதோடு, உண்மையில் வெளியேறிவிட்டவரைத் தப்பவும் விடுகிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நோக்கத்தை ஆராயத் தொடங்கினால், விமான நிலையக் கவுண்டரில் இருக்கும் அதிகாரியின் மனநிலைக்கு முதியவர் பலியாவார். எண் என்றால் எல்லோருக்கும் ஒன்று என்பது அந்த வாதம். கனடாவை எடுத்துக்காட்டுவார்கள். ஐந்தாண்டில் 730 நாள் உள்ளே இருந்தால் போதும், எந்தப் பயணம் எவ்வளவு நீண்டது என்ற கேள்வியே இல்லை. பிரிட்டனில் தொடர்ச்சியாக இரண்டு ஆண்டு வெளியே இருந்தால் காலவரையற்ற தங்கல் உரிமை போய்விடும், அங்கும் குழப்பமில்லை. முன்கூட்டித் திட்டமிட விரும்பும் குடும்பத்துக்கு இந்தத் தெளிவு பெரிய வசதி என்பதை மறுக்க முடியாது. ஆனால் கனடாவே தன் எண்ணைத் தனியாக விட்டுவைக்கவில்லை. நாள் குறைந்தவரின் மனிதாபிமானக் காரணங்களைப் பரிசீலிக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது, மேல்முறையீடும் உண்டு. எண்ணுக்குள்ளும் விநோதங்கள் இருக்கின்றன: கனடியக் குடிமகனான கணவரோடு வெளிநாட்டில் இருந்த மனைவிக்கு அந்நாட்கள் கணக்கில் சேரும், குடிமகனான மகனோடு வெளிநாட்டில் இருந்த தாய்க்குச் சேராது.

அதிகாரியின் தன்னிச்சை பற்றிய அச்சத்துக்கு, நிரூபிக்கும் பொறுப்பை யார் சுமக்கிறார்கள் என்பதே சரியான பதில். அமெரிக்காவில் நுழைவாயில் அதிகாரி, பயணியின் வசிப்புரிமையைத் தானே பறித்துவிட முடியாது. கைவிடுவதாகச் சொல்லும் ஐ-407 படிவத்தில் கையெழுத்திடும்படி கேட்கலாம். பயணி மறுத்துக் குடியேற்ற நீதிபதி முன் விசாரணை கோரலாம். அங்கே, உரிமை கைவிடப்பட்டது என்பதை ஐயத்துக்கு இடமில்லாத தெளிவான சான்றால் நிறுவ வேண்டியது அரசுதான். ஆங்கிலம் தெரியாத ஒரு மூதாட்டி, நெடும் பயணக் களைப்பில், அதிகாரி நீட்டிய காகிதத்தில் கையெழுத்திட்டுவிடும் ஆபத்து இருப்பது உண்மை. ஆனால் அது நோக்கத்தைப் பார்க்கும் சட்டத்தின் குறையல்ல, அந்த உரிமையை அவருக்கு முன்கூட்டியே யாரும் சொல்லாததன் குறை. 1949-ன் சட்டத்தில் நிரூபிக்கும் சுமையும் விண்ணப்பதாரர் தோளில், காரணம் சொல்லும் வாய்ப்பும் இல்லை. அந்த இரண்டும் சேர்ந்துதான் லட்சக்கணக்கானவர்களை நாடற்றவர்களாக்கின.

இரண்டாவது மறுப்பு இன்னும் நேரடியானது: பெரும்பகுதிக் காலம் தூத்துக்குடியில் இருப்பவரை அமெரிக்கா ஏன் தன் குடியிருப்பாளராக எண்ண வேண்டும்? எண்ண வேண்டியதில்லை. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில், ஆடியில் திருவிழா, நடுவில் மூட்டு வலிக்கு இங்கே வைத்தியம், ஆண்டில் சில வாரம் மட்டும் பேரக்குழந்தை முகம் பார்க்க அங்கே என்று வாழ்பவரின் வீடு இங்கேதான். அவருக்குப் பொருத்தமானது வருகையாளர் விசா; கார்டைக் கௌரவத்துக்காக வைத்துக்கொண்டு ஒவ்வொரு நுழைவிலும் கேள்விக்கு ஆளாவதைவிட, அதை முறைப்படி ஒப்படைத்துவிட்டு விசா கேட்பது நேர்மையான வழி. நோக்கத்தைப் பார்க்கும் முறை இப்படிச் சிலருக்குப் பாதகமாகவும் முடியும். அப்படி முடிவதால் அது தவறாகிவிடாது.

அங்கேயே வாழ்ந்து, அடிக்கடி ஊர் வர வேண்டியவருக்குக் குடியுரிமை பெறுவதே இந்தக் கணக்கிலிருந்து விடுதலை. குடியுரிமை வந்துவிட்டால் 2005-ல் இந்தியா தொடங்கிய ஓ.சி.ஐ. (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டையோடு இங்கே எத்தனை மாதமும் தங்கலாம். விவசாய நிலம் புதிதாக வாங்க முடியாது, வாக்குரிமை இல்லை. ஆனால் குடியுரிமைக்குப் போகும் வழியிலும் தொடர் வசிப்பு நிற்கிறது: ஐந்து ஆண்டு, அதில் குறைந்தது 30 மாதம் உள்ளே இருந்திருக்க வேண்டும், ஓராண்டுக்கு மேற்பட்ட ஒரு பயணம் ரீ-என்ட்ரி பர்மிட் இருந்தாலும் அந்தத் தொடர்ச்சியை முறிக்கும். மேலும் 50 வயது கடந்தவருக்கு ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்குக் கிடைக்க 20 ஆண்டுகளும், 55 கடந்தவருக்கு 15 ஆண்டுகளும் நிரந்தரக் குடியிருப்பாளராக இருந்திருக்க வேண்டும். அறுபதைத் தாண்டி மகன் அழைத்துப் போன ஒரு தாய்க்கு இந்த விலக்கு எழுபத்தைந்துக்கு மேல்தான் கைக்கு வரும். அதற்குத் தகுந்த மருத்துவக் காரணம் இல்லாதவரை, தேர்வு எழுத முடியாதவர் கார்டோடுதான் போய்வர வேண்டும்.