நமக்கென்ன என்றிருந்த நாடு

சர்வாதிகாரம் என்றதும் பீரங்கி முழக்கமே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால், ஜெர்மனியில் அது பூனைபோல நுழைந்தது. 1933 ஜனவரி 30-இல் இட்லர் பிரதமரானார், சட்டப்படியே! மறுநாளும் கடைகள் திறந்தன; டிராம் வண்டி ஓடியது; பள்ளி மணி ஒலித்தது. மற்றுமொரு மந்திரிசபை என்றெண்ணி மக்கள் தத்தம் அலுவலைக் கவனித்தனர்.

பிப்ரவரி 27-இல் பாராளுமன்றக் கட்டடம் தீப்பற்றி எரிந்தது. மறுநாளே ஓர் அவசர ஆணை! பேச்சுரிமை போயிற்று, எழுத்துரிமை போயிற்று, பிறர் கடிதத்தைப் பிரித்துப் பார்க்கவும் ஆட்சியினருக்கு அதிகாரம் வந்தது.

ஏப்ரல் 1-இல் யூதர் கடை வாயில்களில் நாஜிப் படையினர் நின்றனர். துணிந்து உள்ளே சென்றோர் சிலர். நெடுநாள் வாடிக்கையை மறந்து ஒதுங்கி நடந்தோர் பலர். ஏப்ரல் 7-இல் வந்த சட்டம் யூத அதிகாரிகளையும் பேராசிரியர்களையும் வெளியேற்றிற்று. உடன் பணியாற்றியோரில் பெரும்பாலோர் வாய் திறந்தாரில்லை. காலியான நாற்காலிமீது கண் வைத்தோரும் உண்டு. மே 1-இல் தொழிலாளருக்குச் சம்பளத்துடன் விடுமுறை, விழா, ஊர்வலம்! மே 2-இல் அவர்தம் சங்க அலுவலகங்கள் பறிமுதல்! மே 10-இல் பெர்லினில் சுமார் 20,000 நூல்கள் நெருப்புக்கு இரையாயின. எரித்தவர் யார்? எழுத்தறியாப் பாமரரா? பல்கலைக் கழக மாணவர்! படிப்பு வேறு, பகுத்தறிவு வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

வணக்கம் கூறும் முறையும் மாறிற்று. கையுயர்த்தி ‘இட்லர் வாழ்க’ என்றால் வம்பில்லை என்று கண்டனர். பேசுமுன் பின்னால் திரும்பிப் பார்ப்பது வழக்கமாயிற்று. இரகசியப் போலீசார் தொகையில் குறைவே. அக்குறையைப் போக்கியவர், காட்டிக் கொடுத்த அண்டை வீட்டார்!

ஜூலை 14-இல், நாஜிக் கட்சியன்றி வேறு கட்சி கூடாதென்று சட்டம் பிறந்தது. 1932-இல் பெரியார் சென்று கண்ட ஜெர்மனியில் கட்சிகள் பல. அடுத்த ஆண்டிலேயே எஞ்சியது ஒன்று!

எல்லோருமே ஊமையராயினரோ? இல்லை, தோழர்களே! மார்ச் 23-இல், சகல அதிகாரத்தையும் இட்லரிடம் ஒப்படைக்கும் மசோதா வந்தது. மண்டபத்துக்குள்ளேயே நாஜிப் படையினர் அணிவகுத்து அச்சுறுத்தினர். பொதுவுடைமைக் கட்சி உறுப்பினர்கள் நுழையவே இயலவில்லை. அந்த நிலையிலும் சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஓட்டோ வெல்ஸ் எழுந்து மறுத்துப் பேசினார். ஆதரவு 444, எதிர்ப்பு 94. அந்த 94 பேரும் அவர் கட்சியினரே.

தோற்றனர், எனினும், எவரும் எதிர்க்கவில்லை என்று வரலாறு எழுதவொட்டாமல் தடுத்தனர். அந்த 94 குரல்கள் தெருதோறும், அலுவலகந்தோறும், கல்லூரிதோறும் எதிரொலித்திருந்தால்? கொடுமை முளைவிடும் நாளில் அதை மறுக்க ஒரு சொல் போதும். அது மரமான பின்னரோ, அதே சொல்லுக்கு உயிரை விலையாகத் தர நேரும். ‘நமக்கென்ன?’ என்ற சொல்லே அந்த மரத்துக்கு வார்க்கும் தண்ணீர் என்பதை இளைஞர் உள்ளத்திற் கொள்வாராக!